குளிப்பாட்ட வராத மகள்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாயைத் திறந்தால் முதலில் வருவது 'முடியாது' என்ற வார்த்தைதான். கடைக்காரனைக் கேட்டால் முடியாது, பஸ்காரனைக் கேட்டால் முடியாது, பெற்ற பிள்ளையைக் கேட்டால் அதையே இன்னும் அழகாக, சிரித்த முகத்தோடு, முடியாது. முன்பெல்லாம் முடியாதவன்கூட 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு ஓடி ஒளிவான். அதில் ஒரு மரியாதை இருந்தது. இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்கள். சொல்லிவிட்டு ஆண்டவரையும் துணைக்கு இழுத்துக்கொள்கிறார்கள்.

குழிக்காரர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது கல்லறைத் தோட்டத்தின் மூலையில், செத்துப்போன ஒரு வாத்தியாருக்கான குழியில் இடுப்பளவு நின்றபடி, தன் மண்வெட்டியிடம். மனுஷர்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது அவர் கட்சி. மண்வெட்டியாவது குறுக்கே பேசாது.

கோபத்துக்குக் காரணம் அவர் மகள்.

சபையில் எந்தப் பெண் இறந்தாலும் உடம்பைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைக்கும்படி ஆக்கிக் கொடுப்பது அவர் வீட்டுப் பெண்களின் வேலை. கூலி கிடையாது, ஊழியம். மாமியார் செய்தாள், பிறகு அவர் மனைவி செய்தாள், இப்போது மகள். அவர் வெளியே குழி வெட்டுவார், அவர்கள் உள்ளே குளிப்பாட்டுவார்கள். "பொறக்கறதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு வேணா போங்க. செத்தா எங்க வீட்டு வாசலுக்குத்தான் வரணும்" என்று அவர் பெருமையடித்துக்கொள்வதுண்டு. யார் வந்து கதவைத் தட்டினாலும் அந்த வீட்டிலிருந்து இல்லை என்ற பதில் போனதில்லை. அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த வீட்டுப் பெண்தான் போன ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் போய், பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவரை எந்தச் சாவு வீட்டுக்கும் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். போதகர் சின்ன வயசுக்காரர். சரியம்மா என்று தலையாட்டியதோடு விட்டாரா? ஆராதனை முடிவில் அதை அறிவிப்பாகவே வாசித்துவிட்டார். பாட்டுக் குழுவை நடத்துகிறவரின் மனைவி பின் பெஞ்சிலிருந்து, "சாவு என்ன, இவளுக்கு எப்ப வசதின்னு கேட்டுட்டா வரும்?" என்று முணுமுணுத்தது குழிக்காரர் காதில் விழுந்தது. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பேரனுக்கு ஆறு வயசு. நெஞ்சில் சீழ் கட்டி, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செருகிப் படுக்க வைத்திருந்தார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டிலில் கிடந்தது. அவன் அப்பன் கப்பலில் வேலை செய்கிறான். இப்போது எந்தக் கடலில் இருக்கிறானோ. கூட இருக்க ஒரு ஆள்தான் என்பது வார்டின் சட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் ஒரு சாவு வந்து மகள் வழக்கம்போலக் கிளம்பிப் போனாள். குழிக்காரர்தான் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், தூங்குகிறானே என்று கீழே போய்ச் சுருட்டைப் பற்றவைத்தார். பிள்ளை விழித்துப் பார்த்திருக்கிறான், அம்மா இல்லை, தாத்தாவும் இல்லை. குழாயைப் பிடுங்கிவிட்டான். அதே இடத்தில் மறுபடியும் செருக வேண்டியதாயிற்று. வார்டுக்கு வெளியே அவன் கத்தினது கேட்டது.

"ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வர்றதுக்குள்ள" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அவள் போதகரைப் போய்ப் பார்த்தது.

வாத்தியாரைப் புதைத்த மறுநாள் விடிகிற நேரம் குழிக்காரரின் அக்கா செத்துப்போனாள்.

அக்கா அவர் வீட்டில்தான் இருந்தாள். தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். புருஷன் போன பிறகு பிள்ளைகுட்டி இல்லாமல் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். அவர் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனபோது கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டார். தொட்டுப் பார்த்தார். எத்தனை பேரை மண்ணில் இறக்கியவர், அவருக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, அக்காவின் கண்ணை மூடிவிட்டார்.

அவரை உறுத்தியது சாவு மட்டுமல்ல, அக்காவுக்குக் கொடுத்த ஒரு வாக்கும்தான். சில வருஷங்களுக்கு முன் அக்காவுக்கு ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் கட்டி என்று சபையில் சொல்லி வைத்தார்கள். துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகப் போர்த்திக்கொண்டு, அவள் கடைசிவரை யாருக்கும் தெரியாமல் நடமாடினாள். தெரிந்தது தம்பிக்கும், புண்ணுக்கு மருந்து போட்ட தம்பி மகளுக்கும்தான்.

"நான் செத்தா உன் மக கை மட்டும்தான் என்மேல படணும்" என்று அக்கா ஒருநாள் பிடித்துக்கொண்டாள். "மத்தவளுங்க பார்த்தா கல்லறை வரைக்கும் அதையே பேசிட்டு வருவாளுங்க."

"சரிக்கா."

"சரின்னா போதாது. சத்தியமா சொல்லு."

"சத்தியம் பண்ணக்கூடாதுன்னு வேதத்துல இருக்காம்."

"வேதம் படிச்ச மூஞ்சியைப் பாரு. சொல்லுடா."

சொல்லியிருந்தார்.

சேதி கேட்டு முதலில் ஓடிவந்தவள் அடுத்த வீட்டுத் தையல்காரி. மகள்தான் இவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போய்க் குளிப்பாட்டும் வேலையைக் கற்றுக்கொடுத்திருந்தாள். "பெரியவரே, நான் ஆரம்பிக்கட்டுமா?" என்று கையைத் துடைத்தபடி நின்றாள். குழிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு சட்டைக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் ஊர்க் கதை முழுதும் சொல்லிவிடுகிற வாய் அது.

"நீ வாசல்ல உட்காரு. என் மக வருவா" என்றார். கதவைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

காவலாளியிடம் கெஞ்சி உள்ளே ஆள் அனுப்பியதும் மகள் நடைபாதைக்கு வந்தாள். தலை வாரி எத்தனை நாளாயிற்றோ. கதவில் பதித்த கண்ணாடி வழியாகப் பிள்ளையின் கட்டில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள்.

"அத்தை போயிட்டாடி."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள். குழிக்காரர் காத்திருந்தார். அழுது முடியட்டும், கிளம்பலாம் என்றிருந்தார்.

"வலிச்சுதாப்பா அவங்களுக்கு?"

"தூக்கத்துலயே. வா, கீழே வண்டியை நிறுத்தி வெச்சிருக்கேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணாடி வழியாக ஒருதரம் பார்த்தாள். "நான் வரலப்பா" என்றாள்.

"என்னடி சொல்றே? யாரோ எவளோ இல்ல. உன் அத்தை."

"அத்தைன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்."

"ஒரு மணி நேரம். குளிப்பாட்டிட்டு ஓடி வந்துடு. நான் இங்க உட்கார்ந்துக்கறேன்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை எங்கயும் போகமாட்டேன். சுருட்டை வீட்டுலயே வெச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார். சுருட்டு சட்டைப் பையில் இருந்தது.

"அதுக்கில்லப்பா. முழிச்சா முதல்ல என்னைத்தான் தேடறான். காணோம்னா மூச்சு வாங்குது. இங்கேயே இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே போனா அப்புறம் அது முடிவே இல்ல."

"ஊரான் சாவுக்கெல்லாம் ஓடுனே. சொந்த அத்தைக்கு மட்டும் கால் வரல, அப்படித்தானே?"

"ஓடுனேன். அதனாலதான் இப்ப நிக்கறேன்."

"இதெல்லாம் அந்தப் பொடிப் போதகர் சொல்லிக்குடுத்ததா?"

"யாரும் சொல்லிக்குடுக்கல. அந்தக் கட்டில் பக்கத்துலயே முழங்கால் போட்டுக் கேட்டேன், ஆண்டவரே எது முதல்லன்னு. வானத்துல இருந்து குரல் ஒண்ணும் வரல. ஆனா எழுந்திரிக்கும்போது தெரிஞ்சுது. சபைக்கு எத்தனையோ கை இருக்கு. இவனுக்கு நான் ஒருத்திதான்."

குழிக்காரருக்கு எழுத்து வராது. அவருக்குத் தெரிந்த வேதம் பெரும்பாலும் குழியோரத்தில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டதுதான். அதை எடுத்து வீசினார். "சிநேகிதன் சாகக் கிடக்கறான்னு ஆண்டவர்கிட்ட ஆள் விட்டாங்க. ஆண்டவர் உடனே வரல, சரி. ஆனா வந்தார்ல? கல்லறைகிட்ட நின்னு அழுதார்ல?"

"அப்பனைப் புதைச்சுட்டு வந்துடறேன்னு ஒருத்தன் கேட்டானே, அவனுக்கு என்ன பதில் சொன்னாரு?"

'மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்' என்ற அந்தப் பதில் குழிக்காரருக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. அதைக் குழியோரத்தில் எந்தப் போதகரும் வாசித்ததும் இல்லை. வாசித்தால் அப்புறம் குழிக்காரருக்கு என்ன வேலை?

"உங்கம்மா இருந்திருந்தா இப்படிப் பேசியிருப்பாளா? ஒரு நாள் முடியாதுன்னு சொன்னவளா அவ?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்கு உடம்பு அனலா கொதிச்சுது. சாவு வீட்டுல காத்துக்கிட்டிருக்காங்கன்னு நீங்கதான் எழுப்பி அனுப்பினீங்க. தண்ணியில நின்னுட்டு ஈரத்தோட வந்து படுத்தா."

"அவ ஊழியத்துல போனா."

"இல்லப்பா. நிமோனியாவுல போனா."

அவள் அவர் கையைப் பிடித்தாள். "நான் சொல்றதைக் கேளுங்க. நேரா வீட்டுக்குப் போங்க. தையல்காரியை இப்பவே உள்ள விடுங்க. உடம்பு இளகலா இருக்கும்போதே செஞ்சா அவ ஒருத்தியே கதவைச் சாத்திக்கிட்டு முடிச்சுடுவா. விறைச்சுப்போச்சுன்னா கையைத் தூக்க ஒரு ஆள், புரட்ட ஒரு ஆள்னு வேணும். அப்புறம் மறைக்க முடியாது. அவ வாய் நீளம்தான். ஆனா செத்தவங்க விஷயத்துல வாயைத் திறக்கமாட்டா. நான் பழக்கியிருக்கேன்."

"அந்த ஓட்டை வாயை நம்பச் சொல்றே."

"என்னை நம்புங்கன்னு சொல்றேன்."

உள்ளே பிள்ளை அசைந்தான். பேச்சை அப்படியே விட்டுவிட்டு அவள் போய்விட்டாள். கதவு தானாக ஆடி ஆடி நின்றது.

வரும் வழியெல்லாம் குழிக்காரர் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார்: வருவாள். வாய் அப்படித்தான் பேசும், ரத்தம் இழுக்கும். வரமாட்டேன் என்று வீறாப்புப் பேசிவிட்டுப் பெட்டி மூடும் நேரத்தில் தலைவிரி கோலமாக ஓடிவந்து விழுந்தவர்களை அவர் எத்தனை பார்த்திருக்கிறார். யாருடைய முடியாதும் அவர் கணக்கில் கடைசிவரை நின்றதில்லை.

வாசலில் ஜனம் கூடியிருந்தது. தையல்காரி எழுந்து நின்றாள்.

"வந்துட்டிருக்கா" என்றார் குழிக்காரர்.

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். சும்மா உட்கார அவருக்கு வராது. அக்கா புருஷனுக்குப் பக்கத்தில் இடத்தைப் பார்த்து வெட்ட ஆரம்பித்தார். நேற்று வாத்தியாருக்கு வெட்டும்போது இருந்த அதே மண்தான், இன்றைக்குக் கல்லாக இருந்தது. வெயில் ஏறியது. வியர்வை கண்ணில் இறங்க, பாதைப் பக்கம் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பால்காரன் போனான். ஒரு நாய் போனது.

அவர் திரும்பி வந்தபோது தையல்காரி வாசலில் இல்லை. உள்ளே அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு உன்னை உள்ள விட்டது?"

"ஈ மொய்க்குது பெரியவரே. விசிறிட்டிருக்கேன். சேலையைத் தொடல." விசிறியை நிறுத்தாமல் சொன்னாள், "விரல் மடங்கல. தாடை இறுகிப்போச்சு. இனிமே தள்ளிப்போட்டா கஷ்டம்."

அவருக்குத் தெரியாததா. எத்தனை பெட்டிகளில் கை மடங்காமல் மூடி இடித்துப் பார்த்தவர். ஆனாலும் சொன்னார், "வந்துட்டிருக்கான்னு சொன்னேன்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விசிறிக்கொண்டே இருந்தாள்.

போதகர் வந்தார். வெயில் கடுமை, சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிடலாம் என்றார். "மக வரணும்" என்றார் குழிக்காரர். போதகர் தயங்கினார். "தாத்தா, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுத்தான் வர்றேன். அவங்க வரமாட்டாங்க. தையல்காரம்மாவை விடச் சொல்லி உங்ககிட்ட காலைலயே சொன்னதாச் சொன்னாங்களே?"

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் குழிக்காரர் பக்கம் திரும்பியது. அவர் சட்டைப் பையைத் தடவினார். சுருட்டு வியர்வையில் நனைந்து பிய்ந்துபோயிருந்தது.

"சரி, ஆகட்டும்" என்றார்.

தையல்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் மூச்சு வாங்குகிற சத்தம். கத்தரி துணியை வெட்டுகிற சத்தம். ரொம்ப நேரம் முயன்றிருப்பாள். கடைசியில் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "முடியல. புரட்ட ரெண்டு பேர் வேணும்" என்றாள்.

கூடத்தில் திடமான கை இரண்டு பேருக்குத்தான் இருந்தது. பாட்டுக் குழுக்காரர் மனைவி எழுந்தாள். அவள் நாத்தனாரும் எழுந்தாள். குழிக்காரர் கதவுக்குக் குறுக்கே ஒரு கையை நீட்டினார். நீட்டிவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டார். அவர்கள் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "அடி ஆத்தாடி" என்று ஒரு குரல், வாயைப் பொத்திக்கொண்ட குரல்.

குழிக்காரர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அடக்கத்துக்குப் போகிற வழியிலேயே சேதி பின்வரிசைக்குப் போய்விட்டது. அக்கா சொன்னபடியேதான் நடந்தது, கல்லறை வரைக்கும். "அதான் எந்நேரமும் ஒரு பக்கமாப் போர்த்திட்டே இருந்தாளா?" "எங்கிட்ட வயித்துக் கட்டின்னாளே." "பாவம், வெறும் துணியை வெச்சுக்கிட்டு." பரிதாபமாகத்தான் பேசினார்கள். அந்தப் பரிதாபம்தான் வேண்டாம் என்று அக்கா கேட்டிருந்தாள். போதகர் வாசித்ததில் ஒரு சொல்கூட குழிக்காரர் காதில் நிற்கவில்லை. மண்ணை அவரே தள்ளினார். யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

எல்லோரும் போன பிறகு தையல்காரி மட்டும் நின்றாள். "நான் ஒண்ணும் வெளிய விடல. அந்தத் துணியை உள்ளயே வெச்சுத் தைச்சுட்டேன். பெட்டியில பார்த்தவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, "காலைல விட்டிருந்தா நான் ஒருத்தியே முடிச்சிருப்பேன், பெரியவரே" என்றாள்.

"உன்னை யாரு கேட்டா?" என்றார் அவர்.

கால் கழுவாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்வை நேரம். உள்ளே விட்டார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான், வாய் திறந்திருந்தது. குழாய் இன்னும் இருந்தது. மகள் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"எடுக்கலையா?"

"இன்னும் சீழ் வருதாம். பார்க்கலாம்ன்றாங்க." அவர் காலில் இருந்த மண்ணைப் பார்த்தாள். "முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுது. எல்லாரும் பார்த்துட்டாளுங்க. எல்லாரும் பேசிட்டாளுங்க. உன் அத்தை மானம் ஊர்வலமாப் போச்சு." சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. "நீ ஒரு மணி நேரம் வந்திருந்தா!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது. "தையல்காரியை விடலையா?" என்று கேட்டாள். அவர் காலிலிருந்த மண்ணைத் தரையில் தேய்த்தார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

"சரி, சொல்லு" என்றார் அவர். "நீ இங்கயே இருந்தியே. அந்த நேரத்துல இங்க என்ன நடந்துச்சு?"

ஏதாவது ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்டார். மூச்சு நின்றுபோய்த் திரும்ப வந்தது, டாக்டர்கள் ஓடிவந்தார்கள், நான் இல்லாவிட்டால் போயிருப்பான் என்று அவள் சொல்லியிருந்தால் போதும். பொய்யாகச் சொல்லியிருந்தால்கூட அதை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

"ஒண்ணும் நடக்கலப்பா. தூங்கினான்."

"தூங்கினானா?"

"நல்லாத் தூங்கினான். நான் கையைப் பிடிச்சிட்டு இருந்தேன்."

"இதுக்கா?" என்றார். வார்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் இமை துடித்தது.

மகள் எழுந்து அவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள். குரலில் கோபமில்லை. "சத்தம் வேண்டாம்ப்பா. எழுந்துடுவான். அழணும்னா என்கூட உட்கார்ந்து அழுங்க. சண்டை போடணும்னா வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வாங்க."

அவர் நின்றார். ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. அவள் அதை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

வெளியே நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் அவர் வருவதைப் பார்த்துவிட்டுத் துடைக்கிற கட்டையை ஊன்றிக்கொண்டாள். "ஏன் பெரியவரே, கால்ல இவ்வளவு மண்ணை அப்பிக்கிட்டு வந்திருக்கீங்க? இப்பத்தானே துடைச்சேன்!"

"எங்க அக்கா மண்ணு" என்றார் குழிக்காரர். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க அவரும் நிற்கவில்லை. படியிறங்கினார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். தூங்குகிற பிள்ளைக்கு யார் கை என்று எப்படித் தெரியும்? செத்தவளுக்குத் தெரியாததா தூங்குகிறவனுக்குத் தெரிந்துவிடப் போகிறது? அவர் காலம் முழுக்க நம்பிய கணக்கு ஒன்று, இவள் போடுகிற கணக்கு வேறொன்று. எதுவும் அவருக்குச் சரியாக வரவில்லை. வாசலில் காவலாளி ஏதோ கேட்டான். தலையைக்கூடத் திருப்பாமல், வாய்க்குள் முனகிக்கொண்டே, பிய்ந்த சுருட்டைக் கசக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு நடந்தார்.